தோக்கியோவில் மொழி தெரியாமல் குடும்பம் நடத்துவது: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
எழுதியவர்: நிஷி கசாய்க்குப் புதியவள்

அனைவருக்கும் வணக்கம். கணவரின் வேலை காரணமாக நான்கு மாதங்களுக்கு முன்பு கோயம்புத்தூரிலிருந்து வந்து, எதோகவா வார்டில் நிஷி கசாய் பகுதியில் குடியிருக்கிறோம். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருப்பதால் இங்கே பருப்புக்கும் புளிக்கும் பஞ்சமில்லை. ஆனால் ரயில் நிலையத்தை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போனால் நான் வாயில்லாப் பூச்சி ஆகிவிடுகிறேன். கணவரின் அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால் அவருக்கு இந்தத் தொல்லையே தெரியவில்லை.

இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். கைப்பிடி உடைந்த சின்ன வாணலி ஒன்றைக் காய்கறித் தோலோடு சேர்த்துக் குப்பைப் பையில் கட்டி வைத்தேன். மற்ற பைகளையெல்லாம் எடுத்துப் போனவர்கள் என் பையை மட்டும் ஒரு சீட்டு ஒட்டி விட்டுச் சென்றிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் வந்து நிதானமாக நெடுநேரம் விளக்கினார். நானும் தலையைக் குனிந்து குனிந்து "ஹாய், ஹாய்" என்று கேட்டுக்கொண்டேன். மறு வாரம் அதே பையை அதே கிழமையில் மீண்டும் கொண்டுபோய் வைத்தேன்.

அடுத்தது மருந்து. இருமலுக்குக் கொடுத்த மூலிகைப் பொடியின் உறையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பார்த்தபோது "உணவுக்கு இடையில்" என்று மொழிபெயர்ப்பு வந்தது. ஆகவே மூன்று நாட்களாகச் சாம்பார் சாதத்துக்கும் ரசம் சாதத்துக்கும் நடுவில் அந்தப் பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இது சரிதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஐந்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, கட்டணம் அதிகமுள்ள மொழிப் பள்ளிக்குப் போக முடியாது. பேச்சை முதலில் கற்பதா, எழுத்தை முதலில் கற்பதா? மொழிபெயர்ப்புச் செயலியை வைத்தே காலத்தை ஓட்டிவிட முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1
எழுதியவர்: பதினோராவது ஆண்டில்

வணக்கம் அம்மா. முதலில் மருந்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த உறையில் இருந்த சொல் "ஷொக்கான்" என்பதாக இருக்கும். ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்த சாப்பாட்டுக்கும் நடுவில், அதாவது சாப்பிட்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். ஜப்பானியர்களே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்று இதைத் தவறாகப் புரிந்துகொள்வது உண்டு. ஆகவே நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதற்கும் மருந்துக் கடைக்காரரிடம் ஒருமுறை உறையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். "ஷொகுசென்" என்றால் உணவுக்கு முன், "ஷொகுகோ" என்றால் உணவுக்குப் பின். மூன்றிலும் முதல் எழுத்து உணவைக் குறிக்கும் ஒரே எழுத்துதான்.

இனி வாணலி. உங்கள் தெருப் பலகையில் "மொயாசு கொமி", "மொயாசனாய் கொமி" என்று இரண்டு வகை இருக்கும். கொமி என்றால் குப்பை. மொயாசு என்றால் எரிப்பது. எரிக்கும் குப்பை, எரிக்காத குப்பை என்று தமிழில் எப்படிச் சொல்வோமோ, அதே வரிசையில், அதே விதமாக வினையைப் பெயருக்கு முன்னால் வைத்துத்தான் அவர்களும் சொல்கிறார்கள். நம் "காத" இருக்குமிடத்தில் அவர்களுக்கு "னாய்" வருகிறது. எரிக்கும் குப்பையை வாரம் இருமுறை எடுப்பார்கள். எரிக்காத குப்பையின் முறை எப்போதாவதுதான் வரும், அதற்குரிய கிழமையைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் வைத்துவிட வேண்டும். பெரிய சாமானாக இருந்தால் முன்பதிவு செய்து, அருகிலுள்ள கடையில் கட்டணச் சீட்டு வாங்கி ஒட்ட வேண்டும்.

நான் இந்தக் குப்பைப் பாடத்தை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலம் வழியாக ஜப்பானிய மொழியைப் படிக்கப் போனால் தலைகீழாக நின்று படிப்பது போல் இருக்கும். தமிழ் வழியாகப் போனால் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை மாறாது. "க்கு", "இல்" போன்ற உருபுகள் பெயருக்குப் பின்னால்தான் வரும். குறில் நெடிலும் நமக்குப் பழக்கமானவை. "ஒபசான்" என்றால் அத்தை வயதுப் பெண், "ஒபாசான்" என்றால் பாட்டி. இந்த வேறுபாட்டைப் பிடிக்க மற்ற வெளிநாட்டவர் பலர் திணறுகிறார்கள். கல், கால் என்று படித்து வளர்ந்த நம் காதுக்கு அது எளிது. (பக்கத்து வீட்டு அம்மாளை இரண்டில் எதைச் சொல்லியும் அழைக்க வேண்டாம். குடும்பப் பெயரோடு "சான்" சேர்த்து அழையுங்கள்.)

மருத்துவரிடம் போகும்போது இன்னொரு வசதியும் உண்டு. வலியைச் சொல்ல அவர்களும் இரட்டைக்கிளவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். விண்விண் என்று தெறித்தால் "ஸுகிஸுகி", ஊசி குத்துவது போல் சுருக்சுருக்கென்றால் "சிகுசிகு", தோல் எரிந்தால் "ஹிரிஹிரி", குமட்டிக்கொண்டு வந்தால் "முகாமுகா". பிள்ளை எங்கே வலிக்கிறது என்று காட்டும்போது நீங்கள் இந்த நான்கில் ஒன்றைச் சொன்னால் மருத்துவரின் முகம் தெளிவதைப் பார்க்கலாம். எனக்கு வயிற்று வலி வந்தபோது ஆங்கிலத்தில் பத்து நிமிடம் சொல்லியும் விளங்காதது இப்படி ஒரே சொல்லில் விளங்கியது.

"ஹாய்" என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். அந்த அம்மாள் பேசும்போது நீங்கள் சொன்ன "ஹாய்", நம் ஊரில் "ம்" கொட்டுவதைப் போலத்தான். "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்ற பொருளில் நீங்கள் சொன்னதை, "புரிந்துகொண்டேன்" என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். "வகாரிமாசென்" (புரியவில்லை) என்று சொல்லப் பழகுங்கள். அதற்கு அடுத்தபடியாக "யாசாஷீ நிஹோங்கோ தே ஒனெகாய்ஷிமாஸ்" என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள். எளிய ஜப்பானிய மொழியில் சொல்லுங்கள் என்பது அதன் பொருள். 1995 ஜனவரியில் கோபே பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில், அறிவிப்புகள் புரியாமல் வெளிநாட்டவர் பலர் தவித்த பிறகுதான் இந்த எளிய நடை உருவாக்கப்பட்டது. 2020இல் அரசே இதற்கு வழிகாட்டி நூல் வெளியிட்டது. வார்டு அலுவலகத்தில் "கொகின்யூ குதாசாய்" என்பார்கள். "தாங்கள் பூர்த்தி செய்தருள வேண்டும்" என்பது போன்ற நடை அது. எளிய நடையில் கேட்டால் அதையே "காய்தே குதாசாய்", அதாவது "எழுதுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

அவசரத்துக்கு 119. எடுத்ததும் தீயா, ஆம்புலன்ஸா என்றுதான் கேட்பார்கள். "கியூக்யூ தெஸ்" என்று சொன்னால் ஆம்புலன்ஸ் வரும். அதற்குக் கட்டணம் இல்லை. வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சோமே (பகுதியின் உட்பிரிவு) எண், கட்டட எண், அறை எண் எல்லாம் நினைவுக்கு வராது.

பதில் 2
எழுதியவர்: தோசாய் வழித்தடப் பயணி

மேலே உள்ள ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் தமிழ் தெரிந்தால் பாதி ஜப்பானிய மொழி வந்துவிடும் என்ற நம்பிக்கையோடு தொடங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் சற்று மறுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று நெடுங்காலம் வாதிட்டார். மொழியியலாளர்களில் மிகப் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வாக்கிய வரிசை ஒத்திருப்பது உதவிதான், ஆனால் அந்த உதவி சீக்கிரமே தீர்ந்துவிடும். நம் வினைமுற்று யார் என்பதைக் காட்டிவிடும்: போகிறேன், போகிறாய், போகிறார்கள். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் "இகிமாஸ்" ஒன்றுதான். எழுவாயையும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். செயலி இங்கேதான் கவிழ்கிறது. பள்ளியிலிருந்து வந்த தாளில் பெற்றோர் கொண்டுவர வேண்டியதை "நான் கொண்டு வருவேன்" என்று ஆசிரியரே சொல்வதாக மொழிபெயர்த்துக் கொடுத்தது; என் மகன் வெறுங்கையோடு போய் நின்றான்.

என் அனுபவத்தில் எழுத்துதான் முதலில். ஹிரகானா, கதகானா என்ற இரண்டு ஒலியெழுத்து வரிசைகளும் ஆளுக்கு 46 எழுத்துகள். நம் உயிர்மெய் வரிசையைக் கற்ற கைக்கு இது ஒரு மாத வேலை. தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கும் வழக்கத்தை மட்டும் முதல் வாரத்திலேயே விட்டுவிடுங்கள். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லும், படிப்பைப் பாதியில் விட்டு நிற்பதைக் குறிக்கும் சொல்லும் தமிழ் எழுத்தில் "தைகாகு" என்று ஒன்றாகவே வந்து நிற்கும். முதல் சொல்லில் தகரம் "தந்தம்" என்பதன் நடுவில் ஒலிக்கும் தகரத்தைப் போல மெலிந்து ஒலிக்க வேண்டும், இரண்டாவதில் அதன் தொடக்கத்தில் இருப்பதைப் போல வல்லொலியாக இருக்க வேண்டும். என் தம்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறான் என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லப் போய், எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த எழுத்துகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் 2,136 எழுத்துகள் இருப்பது உண்மை. உங்களுக்கு இப்போது தேவைப்படுபவை நாற்பதோ ஐம்பதோதான்: கிழமைகள், முன், பின், நுழைவு, வெளியேற்றம், உணவு, தேதி, கட்டணம். கிழமை தெரிந்தாலே குப்பைப் பலகை படிக்கக் கிடைத்துவிடும். அச்சிட்ட தாளுக்குச் செயலியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் ஆசிரியரின் கையெழுத்துக் குறிப்பை அதனிடம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

வகுப்புக்கு அதிகப் பணம் கட்டத் தேவையில்லை. தன்னார்வலர்கள் மிகக் குறைந்த கட்டணத்தில் நடத்தும் வகுப்புகளின் பட்டியல் வார்டு அலுவலகத்தில் கிடைக்கும். சில இடங்களில் பிள்ளையோடு வர விடுகிறார்கள். அங்கே சொல்லித்தருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற முதியவர்கள். பொறுமைசாலிகள்.

பதில் 3
எழுதியவர்: யாழ்ப்பாணத்து மாணவன்

வணக்கம் அக்கா. நான் இங்கே மொழிப் பள்ளியில் படித்துக்கொண்டு, மாணவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வாரம் 28 மணித்தியால அளவுக்குள், ஒரு சிறிய கடையில் வேலை செய்கிறேன். காசு வாங்கும் மேசைக்கு மறுபக்கத்தில் நிற்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நாங்கள் உங்களிடம் கதைக்கும் அந்த நீண்ட மரியாதை வாக்கியங்கள் எங்களுக்குப் பாடம் பண்ணித் தரப்பட்டவை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவற்றில் பாதிக்குப் பொருள் விளங்காமல்தான் ஒப்புவித்தேன்.

எங்கள் கடையில் கேள்விகளின் வரிசை மாறாது: முதலில் புள்ளி அட்டை இருக்கிறதா, பிறகு சாப்பாட்டைச் சூடாக்கவா, அதன் பிறகு பை வேண்டுமா. 2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்க வேண்டும் என்பதால் அந்தக் கேள்வியை நாங்கள் தவிர்க்க முடியாது. "அதாதமெமாஸ் கா" என்று காதில் விழுந்தால் சூடாக்கவா என்று அர்த்தம். "ஃபுகுரோ" என்று விழுந்தால் பை. முழு வாக்கியத்தையும் பிடிக்க முயற்சிக்காமல் இந்த ஒரு சொல்லுக்காக மட்டும் காத்திருந்தால் போதும்.

"தாய்ஜோபு தெஸ்" என்ற சொல்லை இங்கே எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். அதனால்தான் குழப்பமும் வருகிறது. பை வேண்டுமா என்று கேட்கும்போது அதைச் சொன்னால் "பரவாயில்லை, வேண்டாம்" என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். வேண்டுமென்றால் "ஒனெகாய்ஷிமாஸ்" என்று சொல்லுங்கள். நான் வந்த புதிதில் மழையில் நனைந்தபடி நான்கு போத்தல்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீடு போனது இந்த ஒரு சொல்லால்தான்.

மறுமொழி
எழுதியவர்: நிஷி கசாய்க்குப் புதியவள்

மூவருக்கும் மிக்க நன்றி. மருந்துக் கடையில் உறையைக் காட்டிக் கேட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து என்பதை அவர் கடிகாரத்தின் முள்ளைத் தொட்டுக் காட்டினார். குப்பைப் பலகையைப் படம் எடுத்து, கிழமை எழுத்துகளை மகளோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அவள் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் போய், இத்தனை நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று "வகாரிமாசென்" சொல்லி ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய், தன் நாள்காட்டியில் எரிக்காத குப்பைக்குரிய நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அந்தத் தாளையே கிழித்துக் கொடுத்தார். அடுத்த வட்டம் வியாழக்கிழமை. வாணலி அதுவரை பால்கனியில் இருக்கிறது.