யுஜிசி நெட் முதல் தாளில் மட்டும் சறுக்குகிறது. தமிழ் படித்தவர்கள் எப்படித் தயாரானீர்கள்?

தென்காசிப்பெண்:

வணக்கம். எம்.ஏ., எம்.ஃபில். தமிழ் முடித்திருக்கிறேன். வயது 32. ஒரு தனியார் கல்லூரியில் நான்கு வருடமாகத் தற்காலிக வேலை. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். போன முறை தமிழுக்கான இரண்டாம் தாளில் 200க்கு 148, எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான முதல் தாளில் 100க்கு 46. கொஞ்சத்தில் போய்விட்டது.

இரண்டாம் தாளை முதலில் முடித்துவிட்டுத்தான் முதல் தாளுக்கு வருவேன். அதற்குள் திரையில் 35 நிமிடம்தான் மிச்சம் இருக்கும். போன முறை ஓர் அட்டவணை வந்தது. ஐந்து மாநிலம், ஆறு வருடம், கோதுமை விளைச்சல். எண்களைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஐந்து கேள்விக்கும் இரண்டாவது விடையையே அழுத்திவிட்டு நகர்ந்தேன். முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருவதால் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை வாசிக்க வேண்டியிருக்கிறது. இந்தியத் தர்க்கம் என்று ஒரு பகுதி. அந்தச் சமஸ்கிருதப் பெயர்கள் மனதில் நிற்கவே மாட்டேன் என்கின்றன.

பையனுக்கு நான்கு வயது. காலை நாலரை முதல் ஆறு வரைதான் எனக்குக் கிடைக்கும் நேரம். ஆறு மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்கட்டும்? வயது தாண்டியதால் ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) இனி இல்லை என்கிறார்கள், அது உண்மையா?

மதுரைத் தமிழாசிரியை:

தங்கச்சி, நான் நாலாவது முறையில் தேறியவள். அதுவரை முதல் தாளை அந்நிய வீடு மாதிரியே பார்த்தேன். அப்படிப் பார்த்ததுதான் என் தப்பு.

முதலில் ஜே.ஆர்.எஃப். பொது வரம்பு 30 வயது. பெண்களுக்கு ஐந்து வருடம் வரை தளர்வு உண்டு. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது.

அடுத்து இந்தியத் தர்க்கம். எம்.ஏ.யில் மணிமேகலை படித்தீர்கள் அல்லவா? சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையைத் திரும்ப எடுங்கள். காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி என்று அளவைகள், அதாவது அறிவைப் பெறும் வழிகள், வரிசையாக வரும். தேர்வில் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி என்று கேட்பது இவற்றைத்தான். இரண்டு காதை தள்ளி அறவண அடிகள் சொல்லும் இடத்துக்குப் போங்கள். இந்த மலையில் நெருப்பு உண்டு என்று நிறுவ வந்த கூற்று பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அப்புறம் அதை இந்த மலைக்குப் பொருத்துவது உபநயம், முடிவு நிகமனம். நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபின் ஐந்து உறுப்புகளும் இவையே. பெயரில் மட்டும் பக்கத்தைப் பிரதிக்ஞை என்றும் திட்டாந்தத்தை உதாரணம் என்றும் மாற்றிக்கொள்ளுங்கள். நான் ஒரு தாளை நடுவே மடித்து இந்தப் பக்கம் மணிமேகலைச் சொல், அந்தப் பக்கம் தேர்வுச் சொல் என்று எழுதி, சமையலறை மேடைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். சாதம் வேகும் நேரத்தில் படித்தது இன்னும் மறக்கவில்லை.

ஆய்வுத் திறன் பகுதியில் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று குழப்புவார்கள். கோவலனை நினைத்துக்கொள்ளுங்கள். 'இவன் கள்வன் அல்லன்' என்பது இன்மைக் கருதுகோள், அதாவது சான்று வந்து மறுக்கும்வரை நாம் வைத்துக்கொள்ளும் கூற்று. அது உண்மையாக இருந்தும் பாண்டியன் அதை மறுத்துக் கொல்லச் சொன்னான். அது முதல் வகைப் பிழை. சிலம்பை உண்மையில் திருடிய பொற்கொல்லனை நல்லவன் என்று ஏற்றுக்கொண்டது இரண்டாம் வகை. இதை வைத்துத்தான் என் மாணவிகளுக்கும் சொல்லித் தருகிறேன்.

உயர்கல்விக் குழுக்களை ஆண்டோடு படியுங்கள். ராதாகிருஷ்ணன் 1948-49, கோத்தாரி 1964-66. நடுவில் 1952-53இல் வந்தது நம் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் குழு. ஆனால் அது இடைநிலைக் கல்விக்கானது. இந்த இடத்தில் பலர் தவறவிடுகிறார்கள்.

ஆங்கிலத்துக்குக் குறுக்கு வழி இல்லை, தினமும் ஒரு பத்தி வாசிக்கத்தான் வேண்டும். கேள்வியை முதலில் படித்துவிட்டு அப்புறம் பத்திக்குப் போங்கள்.

கணக்குவாத்தியார்:

அக்கா சொன்னதற்கு மேல் கணக்குப் பகுதி மட்டும் நான் சொல்கிறேன் சகோதரி. முதல் தாளில் பத்து அலகு, அலகுக்கு ஏறக்குறைய ஐந்து கேள்வி. அட்டவணை, கணிதத் திறன் இரண்டும் சேர்ந்தால் 20 மதிப்பெண். தகுதிப் பட்டியலுக்கு இரண்டு தாளின் மொத்தமும்தான் கணக்கு. இரண்டாம் தாளில் 148ஐ 160 ஆக்க நீங்கள் படும் பாட்டைவிட இங்கே 12 மதிப்பெண் ஏற்றுவது எளிது.

கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது, அதனால் பின்னங்களை மனப்பாடம் செய்யுங்கள். ஆறில் ஒன்று 16.67, ஏழில் ஒன்று 14.29, எட்டில் ஒன்று 12.5 சதவீதம். விளைச்சல் 480இலிருந்து 540 ஆனால் கூடியது 60. அதை 480ஆல் வகுக்க வேண்டும், 540ஆல் அல்ல. எட்டில் ஒன்று, ஆக 12.5. பழைய எண்தான் கீழே வரும். பெரும்பாலும் பிழை இந்த ஓரிடத்தில்தான் நடக்கிறது. அதேபோல 20 சதவீதம் கூட்டி, திரும்ப 20 சதவீதம் குறைத்தால் பழைய இடத்துக்கு வராது. 100, 120 ஆகி, 96இல் நிற்கும்.

முதல் தாளையே முதலில் எழுதுங்கள். 60 நிமிடம் ஒதுக்கினால் இரண்டாம் தாளுக்கு இரண்டு மணி நேரம் முழுதாக இருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடாதீர்கள். ஆனால் கணக்குப் போட முடிகிற கேள்வியை ஊகத்துக்கு விடாதீர்கள்.

தென்காசிப்பெண்:

அக்கா, ஐயா, இருவருக்கும் மிக்க நன்றி. ஜே.ஆர்.எஃப். விஷயம் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாக யாரும் சொல்லவில்லை.

நேற்று காலை என் பழைய மணிமேகலையைத் தேடி எடுத்தேன். அளவைப் பகுதியில் பக்கத்துக்குப் பக்கம் என் பென்சில் குறிப்புகள். 'அடுக்களை' என்ற சொல்லுக்கு நேரே பத்து வருடத்துக்கு முன்னால் நானே 'உதாரணம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அப்புறம் ஒரு பழைய வினாத்தாளில் அட்டவணையைப் போட்டுப் பார்த்தேன். 18 நிமிடம் ஆனது, ஐந்தில் நான்கு சரி. தவறிய ஒன்றில் புதிய எண்ணால் வகுத்திருக்கிறேன், ஐயா சொன்ன அதே இடம். நாளைக்கு இன்னொன்று போட்டுவிட்டு நேரத்தை எழுதுகிறேன்.