வேளச்சேரி பேஸ்மென்டில் மழைநீர் புகுந்த கார்: ஃபுல் கவர் பாலிசியில் எது கிடைக்கும்?

கேள்வி:
1197 சிசி பெட்ரோல் கார், மூன்றரை வருஷம் ஆகிறது. சீட் வரை தண்ணீர் ஏறி வடிந்திருக்கிறது. பாலிசி காம்ப்ரிஹென்சிவ்தான், ஆனால் ஆட்-ஆன் (தனியாகப் பணம் கட்டி எடுக்கும் கூடுதல் கவர்) ஒன்றுகூட இல்லை. ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? இன்ஜினுக்குப் பணம் வராது என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
தயவுசெய்து சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளச் சேதம் பாலிசியில் உண்டு. ஆனால் ராடு வளைந்தது வெள்ளத்தால் இல்லை, பிறகு ஸ்டார்ட் செய்ததால் என்று சொல்லி அந்தச் செலவைக் கழித்துவிடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் (இன்ஜின் சேதத்துக்கான ஆட்-ஆன்) எடுக்காதவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முதலில் தண்ணீர் நின்ற கோடு, நம்பர் பிளேட், உள்பக்கம் எல்லாம் தெரியும்படி போட்டோ எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். இன்சூரன்ஸுக்குப் போன் செய்து கிளெய்ம் நம்பர் வாங்குங்கள். கயிறு கட்டி இழுக்காமல் ஃபிளாட்பெட் வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள். சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) பார்க்கும் முன் எதையும் பிரிக்க விடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
ஸ்டார்ட் செய்யவில்லை சார். அப்படியானால் முழு பில்லும் வந்துவிடுமா?

பதில் 2:
வராது. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் ஆட்-ஆன்) இல்லாததால் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாம் 50%. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வயதுக் கணக்கு: 3 முதல் 4 வருஷத்துக்குள் 25%, அடுத்த வருஷம் 35%. லேபருக்குத் தேய்மானம் கிடையாது. ஆயில், கூலன்ட், கிரீஸ் உங்கள் கைச்செலவு.

உதாரணமாக இரும்புப் பாகம் 40,000, பிளாஸ்டிக் ரப்பர் 16,000, லேபர் 12,000, ஆயில் வகை 4,000, மொத்த பில் 72,000 என்று வையுங்கள். கிடைப்பது 30,000 + 8,000 + 12,000 = 50,000. 1500 சிசி வரையான காருக்குக் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) 1,000 போக 49,000. மீதி 23,000 நீங்கள் கட்ட வேண்டும். (ஜிஎஸ்டியைச் சேர்க்கவில்லை.)

பதில் 1:
சீட் வரை தண்ணீர் என்றால் ஒயரிங், கம்ப்யூட்டர் பாக்ஸ் எல்லாம் போயிருக்கலாம், எஸ்டிமேட் எகிறும். ரிப்பேர் செலவு ஐடிவியில் (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75%-ஐத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது முழு இழப்பு. அப்போது பாகம் பாகமாகத் தேய்மானம் பார்க்க மாட்டார்கள், ஐடிவியில் கட்டாயக் கழிவு போக மீதி வரும். பாலிசி முதல் பக்கத்தில் ஐடிவி இருக்கும், எஸ்டிமேட் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு முன் ரிப்பேருக்குச் சம்மதக் கையெழுத்து போடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இப்போதே இன்ஜின் புரொடெக்ட் சேர்த்துக்கொள்ள முடியுமா? நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாத வருஷங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) போய்விடுமா?

பதில் 2:
நடந்துவிட்ட சேதத்துக்கு இனி சேர்த்துப் பயனில்லை. அடுத்த ரினியூவலில் எடுங்கள், அந்தப் பகுதிக்கு அது அவசியம். போனஸ் பூஜ்யமாகிவிடும், மறுபடி 20%-லிருந்துதான் ஏறும். ஆனாலும் இவ்வளவு சேதத்தில் போனஸை நினைத்துக் கிளெய்மை விடாதீர்கள். போனஸ் ஓன் டேமேஜ் (உங்கள் காரின் சேதத்துக்கான) பிரீமியத்தில் மட்டும்தான் குறையும், தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான) தொகையில் இல்லை.