மனநிலை சரியில்லாம வழி தவறி வந்து, ஊர் பேர் மட்டும் சொல்ற தமிழ் ஆட்களை வீடு சேர்க்கிறது: மும்பையில பார்த்ததைப் போடுங்க

மாட்டுங்கா மாமா:

எல்டிடி, அதான் லோக்மான்ய திலக் டெர்மினஸ் ஸ்டேஷன்ல ஊர் வண்டி கிளம்பின பிறகும் பிளாட்பாரத்துலயே உக்காந்திருக்கிற ஆட்களை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. அப்படி ஒருத்தர். ஐம்பது வயசு இருக்கும், சடை விழுந்த தாடி, ஒத்தைக் கால்ல செருப்பு. தமிழ்னு தெரிஞ்சதும் சுத்தி நின்னவங்க பேர் என்ன, அப்பா பேர் என்ன, போன் நம்பர் என்னன்னு அடுக்கினாங்க. வாயே திறக்கலை. கூடையோட போன இட்லிக்காரர் ஒருத்தர் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து, "அண்ணாச்சி, உங்க பக்கம் சந்தை என்னைக்கு?"ன்னார். படக்குன்னு வந்துச்சு: "செவ்வாக்கெழம." "என்ன சந்தை?" "ஆடு."

நெல்லையில ஆட்டுச் சந்தை கூடுற மேலப்பாளையம்! அந்தக் கேள்வி இன்னும் என் மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு.

பேரும் நம்பரும் கேட்டா அவங்களுக்கு அது போலீஸ் விசாரணை. உடம்புல ஊறிப்போனதைக் கேளுங்க. சந்தை நாள், கோயில் கொடை எந்த மாசம், டவுனுக்குப் போக எந்த பஸ், ரேஷன் கடை குளத்துக்கு எந்தப் பக்கம். புதூர், புதுப்பட்டின்னு ஊர் பேர் மட்டும் கிடைச்சா பிரயோஜனம் இல்லை, மாவட்டத்துக்கு நாலஞ்சு இருக்கும். பஸ் ஏறுற ஊர் தெரிஞ்சாத்தான் வட்டாரம் பிடிபடும். அப்புறம் பின்கோடு பட்டியலை எடுத்துக்கோங்க: 627 நெல்லை, 628 தூத்துக்குடி, 629 குமரி. அந்த ஊருக்கான கிளைத் தபால் ஆபீசுக்குப் போன் போட்டா போஸ்ட்மேனுக்குத் தெரியாத வீடு இருக்காது.

சயான் கோலிவாடா:

மாமா, செவ்வாய்ன்னா பொள்ளாச்சியும்தான். அங்க மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும். அவர் ஆடுன்னு சொன்னதால தப்பிச்சீங்க, வெறும் கிழமையோட நிறுத்தியிருந்தா கோயம்புத்தூருக்கும் திருநெல்வேலிக்கும் நடுவுல அல்லாடியிருப்பீங்க. பேச்சை வச்சு மாவட்டம் சொல்றவங்களுக்கும் இதேதான். "ஏலே"ன்னா நெல்லை, "ஏனுங்க"ன்னா கொங்குன்னு ஒரே வார்த்தையில முடிவு கட்டிடுறாங்க. திருப்பூர் பனியன் கம்பெனியில பத்து வருஷம் கிடந்தா யாருக்கும் "ஏனுங்க" ஒட்டிக்கும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு அடையாளமாவது ஒரே இடத்தைக் காட்டணும். அதுக்கு முன்னாடி எந்த ஊருக்கும் போன் போடாதீங்க.

டோம்பிவிலி ஈஸ்ட்:

ஒரு நல்ல மனுஷர் டிக்கெட் எடுத்து, கையில ஐநூறு ரூபாயும் பிரியாணிப் பொட்டலமும் கொடுத்து, ஜன்னல் சீட்ல உக்கார வச்சு டாட்டா காட்டினதைப் பார்த்தேன். வண்டி நகருது, உள்ள இருக்கிறவர் டிக்கெட்டை நாலா மடிச்சு, எட்டா மடிச்சு, அப்படியே வாயில போட்டு மெல்லுறார். வெளிய இவர் இன்னும் கை காட்டிக்கிட்டு நிக்கிறார்.

தயவுசெஞ்சு தனியா ஏத்தி விடாதீங்க. சோலாப்பூர் தாண்டி வாடி ஜங்ஷன்ல பாதை பிரியுது. தண்ணி பிடிக்க இறங்கி எதிர்ல நிக்கிற வண்டியில ஏறினா அது சிகந்தராபாத் போயிடும். அப்புறம் தேட வேண்டியது இன்னொரு மாநிலத்துல. கூட ஆள் போகணும், இல்லைன்னா வீட்டு ஆள் இங்க வரணும்.

தாராவி 90 அடி ரோடு:

டிக்கெட்டுக்கெல்லாம் முன்னாடி போலீஸ் ஸ்டேஷன் வேலை ஒண்ணு இருக்கு, அதை யாருமே எழுதலை. பிளாட்பாரத்துல கண்டா அது ஜிஆர்பி, அதாவது ரயில்வே போலீஸ் எல்லை, கேட்டுக்கு வெளிய சிட்டி போலீஸ். இது தெரியலைன்னா ரெண்டு பக்கமும் பந்து மாதிரி உருட்டுவாங்க. ரயில்ல, பிளாட்பாரத்துலன்னா 139, வெளியன்னா 112. பதினெட்டு வயசுக்குக் கீழன்னா 1098, அது தனி வழி, 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக் குழு முன்னாடி கொண்டுபோகணும்.

பெரியவங்க, மனநிலை சரியில்லாத மாதிரி தெரியுதுன்னா மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 100ன்னு சொல்லுங்க. சுத்தித் திரியிறவரைப் பாதுகாப்புல எடுக்கிறது ஸ்டேஷன் பொறுப்பு. 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரியில காட்டணும். லாக்கப்புல வைக்கக் கூடாது. காணாமப் போனவர்னு எஃப்ஐஆர் போட்டுக் குடும்பத்தைத் தேடுறதும் அவங்க வேலைதான். "அடுத்த ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடுறோம்"னாங்கன்னா சண்டை போடாதீங்க, புகார் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்குங்க. நம்பர் இருந்தாத்தான் நாளைக்குத் தமிழ்நாட்டு ஸ்டேஷன்ல இருக்கிற பழைய புகாரோட பொருத்திப் பார்க்க முடியும்.

செம்பூர் அக்கா:

ஒரு அம்மாவோட மகனுக்குப் போன் போட்டுக் கொடுத்தாங்க. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எவ்வளவு அனுப்பணும்?"ன்னு கேட்டான். மோசடின்னு நினைச்சிருக்கான், பாவம்.

அதனால, வீட்டுக்கு முதல் போனை நீங்க பண்ணாதீங்க. ஊர்த் தலைவரோ வி.ஏ.ஓ.வோ நேர்ல போய்ச் சொல்லட்டும். தழும்பு, பச்சை குத்தினது இதையெல்லாம் நீங்களா சொல்லாம அவங்க வாயால வர வைங்க. பணப் பேச்சே எடுக்காதீங்க. வீடியோவை குரூப்ல சுத்த விடவே கூடாது. பெண்ணா இருந்தா ஊர்ல அந்த வீடியோ அவளுக்கு முன்னாடி போய் நிக்கும்.

வரச் சம்மதமான்னு அவங்களையும் கேளுங்கப்பா. வீட்டுல அடி தாங்காம வந்தவங்களும் இதுல உண்டு.

அவசரமும் வேண்டாம். மாத்திரை ஆரம்பிச்சு பேச்சு கோர்வையாக ரெண்டு மூணு வாரமாவது ஆகும். முதல் நாள் சொன்ன ஊரும் மூணாம் வாரம் சொல்ற ஊரும் வேறயா இருந்தா, பின்னதை நம்புங்க. இதுக்குன்னே மும்பை பக்கத்துல கர்ஜத்துல ஷ்ரத்தான்னு ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கு. டாக்டர் பரத் வட்வானியும் அவர் மனைவியும் 1988ல ஆரம்பிச்சது, அவருக்கு 2018ல மகசேசே விருது கொடுத்தாங்க. வைத்தியம் பார்த்து, தேறினதும் கூடவே ஆள் போய் வீட்டுல விட்டுட்டு வருவாங்க. இடம் இருக்கான்னு கேட்டுட்டுக் கூட்டிப் போங்க.

ஊருக்கு அனுப்புறப்போ ஒரு மாச மாத்திரை, டிஸ்சார்ஜ் சீட்டு ரெண்டு ஜெராக்ஸ், மாத்திரை பேரு தமிழ்ல பெரிசா எழுதின தாள். "நல்லாத்தானே இருக்கான்"னு வீட்டுல மாத்திரையை நிறுத்திடுவாங்க, அங்கதான் மறுபடி கிளம்பிப் போறது நடக்குது. நெல்லைக்காரங்கன்னா பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, அங்க சீட்டுப் போட்ட பிறகுதான் கூடப் போனவங்க திரும்பணும். காணாமப் போய் ஏழு வருஷத்துக்கு மேல ஆகியிருந்தா, இறந்துட்டதாக் கோர்ட்டுல வாங்கியிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ரேஷன் கார்டுல பேர் இருக்கான்னு முதல்ல பார்க்கச் சொல்லுங்க.

சயான் கோலிவாடா:

அக்கா, ஆதாரை விட்டுட்டீங்களே. பேரே சொல்லாதவங்களுக்கு அதுதான் கடைசி வழி. ஷ்ரத்தா மாதிரி இல்லத்து ஆட்கள் ஆதாரைப் புதுசா எடுக்கிற மாதிரி பதிவு பண்ணுவாங்க. ஏற்கெனவே இருந்தா சிஸ்டம் நிராகரிக்கும். அந்த நிராகரிப்புதான் துப்பு, அதை வச்சுப் பழைய எண்ணைத் தேடலாம். நானோ நீங்களோ போய் முகவரி கேட்டா தரமாட்டாங்க, ஆளை நேர்ல கொண்டு போகணும். கட்டட வேலை, செங்கல் சூளைன்னு இருந்தவங்களுக்கு ரேகை தேய்ஞ்சு போயிருக்கும். ரேகை விழலைன்னு மெஷின்காரர் கையை விரிச்சா அப்படியே திரும்பி வராதீங்க, கருவிழியைப் பதியச் சொல்லுங்க. கண்ணுல புரை இருந்தா அதுவும் சில நேரம் சிக்காது, முன்னாடியே டார்ச் அடிச்சுப் பார்த்துக்கோங்க.