இரவில் இனிப்பு கேட்கும் வாய்: அடியோடு நிறுத்துவதா, அளவோடு சாப்பிடுவதா?

நிலாமுற்றம்:
எடை குறைக்க முயன்றுகொண்டிருக்கிறேன். பகலில் எந்தத் தொந்தரவும் இல்லை. காலையில் ஒரு பழம், மதியம் காய்கறி சாலட், சாயங்காலம் சர்க்கரை போடாத டீ, இரவு கொஞ்சமாகச் சாப்பாடு. ஆனால் பத்து மணி ஆனால் வாய் நமநமவென்று ஆரம்பித்துவிடும். சாக்லேட், பிஸ்கட், எது கையில் கிடைத்தாலும் சரி, ஒன்று எடுத்தால் பாக்கெட்டே காலி. மறுநாள் அதை ஈடுகட்ட இன்னும் குறைத்துச் சாப்பிடுகிறேன். சுற்றியிருப்பவர்களில் பாதிப் பேர் "வாங்கியே வைக்காதே, அடியோடு நிறுத்து" என்கிறார்கள். மீதிப் பேர் "அடக்கினால் ஆசை பெருகும், தினம் கொஞ்சம் சாப்பிட்டுவிடு" என்கிறார்கள். எதைக் கேட்பது?

கறார்பேர்வழி:
அடியோடு நிறுத்துங்கள். "தினம் ஒரு துண்டு" என்று அறிவுரை சொல்கிறவர்கள் ஒரு துண்டோடு எழுந்துபோகக்கூடியவர்கள். உங்களால் முடியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் அந்த யோசனை உங்களுக்கு எதற்கு?

அடக்கினால் பெருகும் என்பதும் எல்லோரும் சொல்லிச் சொல்லி உண்மையாகிவிட்ட பேச்சு. அமெரிக்காவில் 'பவுண்ட்ஸ் லாஸ்ட்' என்று இரண்டு வருட எடைக்குறைப்பு ஆய்வு ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் ஆசைகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. ஆசைப்பட்ட பண்டத்தை எத்தனை தடவை சாப்பிடுகிறோம் என்பதைக் குறைத்தவர்களுக்கு ஆசையும் குறைந்தது. ஒவ்வொரு தடவையும் சாப்பிடும் அளவைக் குறைத்ததால் ஆசை குறையவில்லை. அதாவது தினம் ஒரு துண்டு என்பது அளவைக் குறைத்து, பழக்கத்தை அப்படியே வைத்திருக்கும் வழி. இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு.

அரைத்துண்டு:
கறார், ஆய்வு என்று வந்தால் என்னிடமும் இருக்கிறது. ஹெர்மன், மாக் என்ற இரு உளவியலாளர்கள் 1975இல் ஒரு சோதனை செய்தார்கள். வந்தவர்களில் சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோர் முன்பும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள். இயல்புதானே. ஆனால் வழக்கமாக வாயைக் கட்டுகிறவர்கள், மில்க்‌ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள்! விரதம்தான் கலைந்துவிட்டதே, போனது போச்சு என்ற மனநிலை.

நிலாமுற்றம் பாக்கெட்டைக் காலி செய்வதும் இதனால்தான். முதல் பிஸ்கட்டோடு சட்டம் உடைந்துவிடுகிறது. சட்டமே இல்லாவிட்டால் உடைவதற்கும் எதுவும் இல்லை.

கறார்பேர்வழி:
உங்கள் சோதனை எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. அந்த மில்க்‌ஷேக்கை யார் கொடுத்தது? நீங்கள் தினம் கொடுக்கச் சொல்லும் துண்டு அதேதான். முதல் வாய் உள்ளே போகாவிட்டால் "போனது போச்சு" எங்கிருந்து வரும்?

அரைத்துண்டு:
வாழ்க்கை முழுக்க முதல் வாய் உள்ளே போகாது என்று நினைக்கிறீர்களா? கல்யாணம், பிறந்தநாள், அலுவலகத்தில் யாராவது நீட்டும் இனிப்பு எல்லாம் இருக்கிறது. என்றாவது ஒரு நாள் சட்டம் உடையத்தான் போகிறது. உடையும்போது மனிதன் பைத்தியமாகாமல் இருக்கப் பழக வேண்டாமா?

இரும்புமனம்:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? மன உறுதி இருந்தால் போதும். ஆசை வந்தால் நினைக்காதீர்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்குங்கள்.

பசிக்கணக்கு:
"நினைக்காதே" என்று சொன்னால் மனம் என்ன செய்யும் என்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987லேயே காட்டிவிட்டார். வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லிச் சிலரை உட்காரவைத்தார், அவர்களால் முடியவில்லை. அதைவிட வேறு எதிலாவது கண்ணையும் கையையும் மூழ்கவைப்பது பலன் தரும். தின்னும் ஆசை பெரும்பாலும் ஒரு படமாகத்தான் மனதில் ஓடுகிறது, அதன் மணம், பளபளப்பு, கடிக்கும்போது வரும் சத்தம் எல்லாம் சேர்ந்து. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் மூன்று நிமிடம் டெட்ரிஸ் என்ற கட்டம் அடுக்கும் வீடியோ கேம் விளையாடவைத்தே ஆசையின் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதே நாட்டின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில் கால் மணி நேர வேகநடை சாக்லேட் ஆசையைத் தணித்தது.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கில்லை. கறாரும் அரைத்துண்டும் மும்முரமாகச் சண்டை போடுகிறீர்களே, கேட்டவர் பகலில் என்ன சாப்பிடுகிறார் என்று இருவரில் யாராவது படித்தீர்களா? பழம், சாலட், டீ! இதற்கு ஆசை என்று பெயர் வைத்ததே தவறு. இது பசி. பகலெல்லாம் அடக்கப்பட்ட வயிறு இரவு பத்து மணிக்குக் கணக்கைத் தீர்க்கிறது, அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது பிஸ்கட்.

1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். உணவைப் பற்றிப் பெரிய அக்கறை இல்லாதிருந்தவர்கள்கூடச் சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். கனவிலும் பேச்சிலும் சாப்பாடுதான். அவர்களுக்கு மன உறுதி இல்லை என்று இரும்புமனம் சொல்வாரா? போரில் ஆயுதம் எடுக்க மறுத்து, அதற்குப் பதிலாக இந்தச் சோதனைக்குத் தாங்களே முன்வந்தவர்கள் அவர்கள்.

கறார்பேர்வழி:
ஒல்லியான இளைஞர்களை உடல் எடையில் கால் பங்கு குறையும் வரை வாட்டிய சோதனை அது. அதிக எடை உள்ள ஒருவர் மதியம் சாலட் சாப்பிடுவதோடு அதை எப்படி ஒப்பிடுவீர்கள்? மருத்துவர் மேற்பார்வையில் மிகக் குறைந்த கலோரி உணவில் இருப்பவர்களுக்கு ஆசை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்ததாகவே பல ஆய்வுகள் வந்திருக்கின்றன. பட்டினி என்றால் உடனே மின்னசோட்டாவுக்கு ஓடுவது வழக்கமாகிவிட்டது.

பசிக்கணக்கு:
ஆசை குறைந்தது உண்மை. ஆனால் அங்கே என்ன சாப்பிடுவது என்பது திட்டமாக இருக்கும், புரதம் போதுமான அளவு சேர்த்திருப்பார்கள், தினமும் ஒரே மாதிரி நடக்கும். இவருடையது ஒரு நாள் பட்டினி, அன்று இரவு ஒரு பாக்கெட், மறுநாள் இன்னும் பெரிய பட்டினி. இரண்டும் ஒன்றா?

இன்னொன்று. எடை குறைந்த பிறகும் உடல் எளிதில் விடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் குறைந்த கலோரி உணவில் வைத்து ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பசியைத் தூண்டும் கிரெலின், பசியை அடக்கும் லெப்டின் ஆகிய ஹார்மோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்த 50 பேரும் அதிக எடை உள்ளவர்கள்தான், ஒல்லி இளைஞர்கள் இல்லை.

பசுந்தளிர்:
சாக்லேட் கேட்கிறது என்றால் உடம்பில் மக்னீசியம் குறைவு என்று அர்த்தம். உடம்பு தனக்கு வேண்டியதைக் கேட்கும். மாத்திரை எடுத்துப் பாருங்கள்.

அரைத்துண்டு:
இது ஒவ்வொரு விவாதத்திலும் வந்துவிடுகிறது. பூசணி விதையிலும் பாதாமிலும் மக்னீசியம் ஏராளம். நடு இரவில் பூசணி விதைக்கு ஏங்கி எழுந்த யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? 1994இல் மிச்னர், ரோசின் என்ற இருவர், சாக்லேட் ஆசை வந்தவர்களுக்கு ஒரு தடவை சாக்லேட்டையும் இன்னொரு தடவை கோகோ பொடி நிரப்பிய குளிகையையும் கொடுத்துப் பார்த்தார்கள். குளிகையால் ஆசை தீரவில்லை. கோகோ பொடி சேராத வெள்ளை சாக்லேட்கூட ஓரளவு தீர்த்தது. நாக்கு கேட்பது ருசியைத்தான்.

ராப்பணி:
நான் இரவு ஷிப்ட் பார்ப்பவள். தூக்கம் கெட்ட வாரங்களில் எனக்கு இனிப்பைத் தவிர எதுவும் தோன்றாது. தூக்கத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்றுதான் எழுதுகிறேன். 2004இல் சிகாகோவில் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. 12 ஆண்களை மட்டும் வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். ஆனாலும் நிலாமுற்றம், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?

தேன்சிட்டு:
இந்தப் பேச்சில் ஒன்று விடுபடுகிறது. வேகவேகமாக, வயிறு வலிக்கும் வரை, யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டு, நிறுத்தவே முடியாமல் போய், அப்புறம் வெட்கத்தில் குமைவது வாரம் ஒரு தடவையாவது மூன்று மாதம் தொடர்ந்தால், அது மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கும் ஒரு கோளாறு. சிகிச்சை இருக்கிறது. எனக்கு அது இருந்தது. "அடியோடு நிறுத்து" என்று அப்போது கேட்ட ஒவ்வொரு அறிவுரையும் என்னை இன்னும் ஆழத்தில் தள்ளியது. கறார், உங்கள் வழி உங்களுக்குச் சரியாக இருக்கலாம். எதிரில் இருப்பவர் யார் என்று தெரியாமல் அதைச் சொல்லாதீர்கள்.

கறார்பேர்வழி:
தேன்சிட்டு, அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்லவில்லை. அவர்கள் மருத்துவரிடம்தான் போக வேண்டும். மற்றவர்களுக்கு என் கருத்து மாறாது.

நிலாமுற்றம்:
எல்லோருக்கும் நன்றி. தேன்சிட்டு சொன்ன அளவுக்கு இல்லை, ஆனால் கவனித்துக்கொள்கிறேன். தூங்க ஒரு மணி ஆகிறது, ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், அதனால் வாங்காமல் இருக்க முடியாது. கறார், இதற்கு என்ன சொல்வீர்கள்?

கறார்பேர்வழி:
குழந்தைகளுக்கும் அது தினசரித் தேவை இல்லை. 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி, சேர்க்கப்படும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கே ஏறக்குறைய 50 கிராம்தான், குழந்தைகளுக்கு அதிலும் குறைவு. வாங்கினால் சிறிய பாக்கெட்டாக, வேண்டிய அன்றைக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சம் இருந்தால் உள்ளே தெரியாத டப்பாவில், கைக்கு எட்டாத இடத்தில்.

அரைத்துண்டு:
ஒளித்துவைத்த டப்பாவைத்தான் பத்து மணிக்குத் தேடுவார். குழந்தைகளோடு உட்கார்ந்து, சாப்பாடு முடிந்த கையோடு, தட்டில் போட்டுச் சாப்பிடட்டும். பசியோடு தனியாக நின்றுகொண்டு சாப்பிடுவதுதான் ஆபத்து.

கறார்பேர்வழி:
வாரம் ஒரு தடவை என்றால் சரி. தினம் என்றால் மறுபடி சண்டைக்கு வருவேன்.

பசிக்கணக்கு:
உங்கள் சண்டையை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். முதலில் இவர் மதியம் ஒழுங்காகச் சாப்பிடட்டும், முந்தின இரவை ஈடுகட்டுவதை நிறுத்தட்டும், ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கட்டும். அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் ஆசைக்குத்தான் நீங்கள் இருவரும் தேவை.

நிலாமுற்றம்:
ஒழுங்காக என்றால்? சாலட்டோடு ஒரு முட்டை சேர்த்தால் போதுமா?

பசிக்கணக்கு:
போதாது. ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கும். ஒரு வேளைக்கு 20 கிராமுக்குக் குறையாமல் பாருங்கள். இரண்டு முட்டையோடு அரை கப்புக்கு மேல் வெந்த பருப்போ சுண்டலோ சேர்த்தால் வந்துவிடும். அரிசியோ ரொட்டியோ கொஞ்சம் இருக்கட்டும், அதை விரட்ட வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள். காலையிலும் பழத்தோடு நிறுத்தாதீர்கள்.