வீட்டுப் பற்றரி உண்மையில் எவ்வளவு தாங்கும்? அளந்து பார்க்க உதவுங்கள்

வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்கு இரவில் ஒட்சிசன் இயந்திரம் வேண்டும். 2022இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதை நினைத்தால் இப்பவும் பயம். அதனால்தான் பாவித்த லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி ஒன்று வாங்கினேன். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் மணி, கணக்குப்படி 5.12 யூனிற்.

முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஐந்து 100 வாட் குண்டு பல்புகளைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். 6 மணி 20 நிமிடத்தில் எல்லாம் அணைந்தது. திரை அப்போதும் 31% என்றே காட்டியது! இன்வேர்ட்டரில் வீணாவதைச் சேர்த்தாலும் 4 யூனிற் வராது.

இந்த வகைப் பற்றரியில் வோல்டேஜ் கடைசிவரை பெரிதாக இறங்காது, அதனால் மல்ரிமீற்றரால் மிச்சத்தைக் கணிக்க முடியவில்லை. உள்ளே இருக்கும் 16 செல்களில் ஒன்று பலவீனமாகி, அதுவே முழுப் பற்றரியையும் நிறுத்துகிறதோ என்பது என் சந்தேகம்.

கொழும்பில் யாரிடமாவது ஷன்ட் (ஓடும் கரண்டை அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்த ஆம்பியர் மணி மீற்றர் இருந்தால் இரண்டு நாள் இரவல் தருவீர்களா? செல் செல்லாக அளந்த அனுபவம் உள்ளவர்கள், எந்த லோட்டில் சோதிப்பது சரி என்றும் சொல்லுங்கள். கடைக்காரர் தந்த திருப்பிக் கொடுக்கும் தவணை அடுத்த வெள்ளியோடு முடிகிறது.