வேலையை விட்டு நிறுத்திய கட்டிங் மாஸ்டர் லேபர் ஆபீசில் புகார்: என்ன செய்வது?

பனியன்காரன்:
திருப்பூரில் ஜாப்ஒர்க் யூனிட், 24 பேர். ஆறு வருடமாக இருந்த கட்டிங் மாஸ்டர் ஒரு லாட்டையே சைஸ் மாற்றி வெட்டிவிட்டார். ரூ.38,000 துணி வீண். கோபத்தில் போனிலேயே "நாளையிலிருந்து வராதீங்க" என்றேன். இப்போது சமரசப் பேச்சுக்கு வரச்சொல்லிக் கடிதம். கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) கேட்கிறார். நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளலாம்தானே? மெமோ எதுவும் கொடுத்ததில்லை.

ஓவர்லாக்:
பழைய தேதி போட்டு இரண்டு மெமோ அடித்து ஃபைலில் வையுங்கள். நான் ஆள் சேர்க்கும்போதே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுவேன். தேவைப்பட்டால் அதுவே ராஜினாமா.

ரிட்டயர்டு டைம் ஆபீஸ்:
அதை மட்டும் செய்யாதீர்கள். கோவையில் ஒரு மில்லில் 31 வருடம் டைம் ஆபீஸ் (ஆட்களின் வருகைக் கணக்கு) பார்த்தவன் நான். எங்கள் முதலாளியும் இப்படி ஒரு மெமோ அடிக்கச் சொன்னார், அடித்தேன். அந்தத் தேதி தீபாவளி. மஸ்டர் ரோலை (வருகைப் பதிவேடு) புரட்டிய எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். அதன்பிறகு எங்களுடைய உண்மையான காகிதங்களையும் யாரும் நம்பவில்லை.

கிராஜுவிட்டியை நினைத்தபடி பிடிக்க முடியாது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 என்றால், 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆறு வருடத்துக்கு 54,000. கவனக்குறைவால் வந்த நஷ்டத்தின் அளவுக்குக் கழிக்கலாம்தான். ஆனால் அந்தக் காரணத்துக்காகவே வேலைநீக்கம் செய்திருக்க வேண்டும். குற்றச்சாட்டு மெமோ, அவருடைய விளக்கம், விசாரணை, அப்புறம்தான் உத்தரவு. இடையில் சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம். உங்களிடம் இருப்பது ஒரு போன் கால்.

விசாரணையே வைக்காவிட்டாலும் லேபர் கோர்ட்டில் குற்றத்தை நிரூபிக்க வழி உண்டு. அதற்கான அனுமதியைப் பதில் மனுவிலேயே கேட்டுவிட வேண்டும். சரி, நிரூபிக்க என்ன இருக்கிறது? லே ஷீட்டில் (துணி வெட்டும் விவரம் எழுதும் தாள்) அவர் கையெழுத்து இருக்கிறதா?

பனியன்காரன்:
இல்லை சார். ஆர்டர் கொடுத்த பார்ட்டி சைஸ் மாற்றியதை சூப்பர்வைசர் போனில்தான் சொன்னாராம்.

ரிட்டயர்டு டைம் ஆபீஸ்:
அப்படியானால் தப்பு யாருடையது என்பதே தெரியவில்லையே! கோர்ட்டுக்குப் போனால் இரண்டு வருடம் கழித்தும் சம்பள பாக்கி ஏறிக்கொண்டிருக்கும். வேலைக்கு வரலாம் என்று பதிவுத் தபாலில் இன்றே எழுதுங்கள். வர விருப்பமில்லை என்றால் கணக்கை முடித்து, சமரச அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தம் போடுங்கள். தனியாகக் கூப்பிட்டு வவுச்சரில் கையெழுத்து வாங்காதீர்கள். இனி சைஸ் மாற்றம் வந்தால் லே ஷீட்டில் எழுதி, வெட்டுபவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

ஓவர்லாக் தம்பி, அந்த வெற்றுத்தாள்களைக் கிழித்துவிடுங்கள்.

பனியன்காரன்:
தபால் அனுப்பிவிட்டேன் சார். நேற்று அவர் மனைவி போன் செய்தார், இன்னும் வேறு இடத்தில் சேரவில்லையாம். சூப்பர்வைசரை இன்று மாலை உட்கார வைத்துக் கேட்கப்போகிறேன்.