மறு: இர்மின்சூல் – தூணா, கந்தா?

வணக்கம் ஐயா. பழைய ஜெர்மானிய, வட ஐரோப்பியத் தொன்மச் சொற்களைத் தமிழாக்குவது பற்றி நீங்கள் கேட்டது:

> இர்மின்சூல் = உலகத்தூண், இக்ட்ரசில் = உலகமரம். போதுமா?

இரண்டாவது போதும். வேர் மூன்று, உச்சியில் கழுகு, அடியில் பாம்பு, நடுவே ஏறி இறங்கி வம்பு மூட்டும் அணில் என்று அது முழு மரம். (அது ஆங்கிலத்தில் ash, ஆஷ் மரம் என்றே எழுதுங்கள். என் முதல் வரைவில் 'சாம்பல் மரம்' என்று போட்டுவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தேன்.)

முதலாவதுதான் உறுத்துகிறது. தூண் என்றதும் நமக்கு மேலே ஒரு கூரை தோன்றிவிடுகிறது. பழைய ஜெர்மானிய இனத்தாரான சாக்சானியர் இர்மின்சூல் என்று வணங்கியதோ, 9ஆம் நூற்றாண்டில் ஃபுல்டா மடத்துத் துறவி ருடோல்ஃப் எழுதியபடி, திறந்தவெளியில் நிமிர்த்தி நட்ட பருத்த அடிமரம். 772இல் சாக்சானியரின் எரெஸ்பர்க் கோட்டையைப் பிடித்த ஃபிராங்கிய மன்னர் சார்லமேன் இர்மின்சூல் ஒன்றை அழித்தார்.

நட்ட மரத்தில் தெய்வம் உறைவதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறதே: கந்து. யானை கட்டும் தறியும் கந்துதான். பட்டினப்பாலையின் 'கந்துடைப் பொதியில்' வழிபடும் இடம். மணிமேகலையில் கந்தில் உறையும் தெய்வப் பாவையான கந்திற்பாவையே பேசுகிறது. ஆகவே 'உலகக்கந்து' என்கிறேன்.

அதே ருடோல்ஃப் 'எல்லாவற்றையும் தாங்குவது போன்ற தூண்' என்று லத்தீனில் விளக்கியிருக்கிறாரே என்பீர்கள். சரி, 'சூல்' என்றாலே சாக்சானியர் மொழியில் தூண்தான். ஆனால் தாங்குவது அவர் தரும் விளக்கம். கண்ணுக்குத் தெரிவது நட்ட கட்டை. அப்புறம், விளக்கமில்லாமல் 'இர்மின்சூல்' என்று மட்டும் விட்டால் நம்மவர் யாருக்கோ வளைகாப்பு என்று நினைப்பார்கள்.

தூணை வேறிடத்தில் வைத்துக்கொள்வோம். நார்வேயிலிருந்து போன இங்கோல்ஃபர் ஆர்னார்சன், ஐஸ்லாந்து கண்ணில் பட்டதும் தன் வீட்டுத் தலைமை இருக்கையின் தூண்களைக் கடலில் எறிந்து, அவை ஒதுங்கும் இடத்தில் குடியேறுவேன் என்றார். ஒதுங்கிய இடம் ரேக்யவிக் என்பது மரபு. அவை வீட்டுக்குள் நின்றவை. 'இருக்கைத்தூண்' கச்சிதம்.

நான் மாட்டிக்கொண்டது, ஜெர்மானிய இடிக்கடவுள் தோனாரின் ஓக் மரத்தில். 720களில் கிறித்தவ மதபோதகர் போனிஃபாஸ் அதை வெட்டி, அந்தப் பலகையிலேயே பேதுருவுக்குச் சிற்றாலயம் எழுப்பினார். பகைவர் மரத்தை வெட்டுவது என்றதும் 'கடிமரம்' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் கடிமரம் வேந்தனுடைய காவல்மரம், இது தெய்வத்தினுடையது. 'திருமரம்' என்றால் சப்பென்றிருக்கிறது. உங்களிடம் வேறு சொல் உண்டா ஐயா?